காதும் நெஞ்சும்

வெண்மதியை உள்ளே அழைத்துப் போய்ப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது. ஒரு ஈசிஜி எடுக்க ஐந்து நிமிடம் போதும், படுக்க வைத்து, மார்பிலும் கையிலும் காலிலும் ஒயரை ஒட்டி, தாள் ஓடி முடிய ஐந்தே நிமிடம், அதற்கு மேல் ஆகிறதென்றால் உள்ளே வேறு ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் தடவை எடுக்கிறார்கள், இரண்டாம் தடவை எடுக்கிறார்கள் என்றால் முதல் தடவை எடுத்ததில் என்னவோ இருந்திருக்கிறது, என்று கோமதிநாயகத்தின் மனம் ஓடிக்கொண்டிருந்தது. மதுரையில் அந்த இருதய ஆஸ்பத்திரியின் முதல் மாடி வராந்தாவில், சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்ட நாற்காலி வரிசையின் கடைசி இரண்டில் அவனும் அக்கா உலகம்மையும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மடியில் மகளின் துப்பட்டாவும் கழற்றிக் கொடுத்த கொலுசும் இருந்தன. கொலுசைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். கோவில்பட்டியிலிருந்து விடிந்ததும் கிளம்பி வந்தது, இருவரும் இன்னும் ஒரு காப்பி கூடக் குடிக்கவில்லை. ஒன்றும் இருக்காது என்று அவளிடம் சொல்லலாம். சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் இருக்கும் என்று சொல்லி அவர்களை இங்கே வரவழைத்தவனே அவன்தான். பதினைந்து வயதுப் பிள்ளை, வயதுக்குத் தகுந்த உயரம், நன்றாகச் சாப்பிடுகிறவள், இரண்டு தடவை மயங்கி விழுந்தாள், அவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் டேயில் நூறு மீட்டர் ஓடி எல்லைக் கோட்டருகே ஒரு தடவை, பக்கத்து வீட்டில் குக்கர் வெடித்த அன்று வாசலில் ஒரு தடவை. ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையும் பேரீச்சம்பழமும் கொடுத்தார்கள். அக்கா அதைப் போன வருஷம் ஏதோ ஊர் விசேஷம் சொல்வது போல ஃபோனில் சொன்னாள், அவனும் பேரீச்சம்பழம் நல்லதுதான் என்று சொல்லி வைத்துவிட்டான். பேரீச்சம்பழம் நல்லதுதான் என்று சொன்ன தன் குரல் இப்போது காதுக்குள் கேட்டது, எத்தனை நிதானமான குரல், படித்தவனின் குரல்.

வெண்மதிக்குக் காது கேட்காது என்று முதலில் தெரிந்துகொண்டவனும் அவன்தான். ஒரு வயதில் காதுகுத்து, தாய்மாமன் மடி, நாதஸ்வரமும் தவிலும் நாலடி தூரத்தில். தவில்காரர் அன்றைக்கென்று வெளுத்து வாங்கினார், மற்றப் பிள்ளைகளெல்லாம் வீறிட்டு அழுதன, இவள் மட்டும் அவன் மடியில் வாய் திறந்து தூங்கினாள். ஊசி இறங்கியபோதுதான் விழித்தாள். மாமன் மடி அத்தனை சுகம் பாரு என்று எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், ஆனால் அந்தத் தூக்கத்தை அவன் ஏற்கெனவே பார்த்திருக்கிறான், தீபாவளி வெடிக்கு நடுவே அப்படித் தூங்கக்கூடிய ஒருவனோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் அவன். அண்ணன் ஆவுடையப்பன். அண்ணனைப் போலவே என்று நினைத்தான், யாரிடமும் சொல்லவில்லை, மூன்று மாதம் சொல்லவில்லை. சொன்ன பிறகு அக்கா அழுதது ஒரே ஒரு நாள். மறுநாளிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரத்துக்கு மூன்று தடவை மதுரைக்குப் பஸ் ஏறினாள், நாலு வருஷம், காதுக் கருவி, பேச்சுப் பயிற்சி, கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து ப, ம, ப, ம. அப்படித்தான் அந்தப் பிள்ளைக்கு மாமா என்ற சொல் வந்தது, இரண்டு மாவுக்கும் சம அழுத்தம் கொடுத்து, கல்லில் செதுக்கியது போல. அந்த ஒரு சொல்லுக்காகவே யாருக்கு வேண்டுமானாலும் கும்பிடு போடலாம் என்று இருக்கும் அவனுக்கு. அவளுக்கு அழகாகப் பேச வந்ததும் எல்லாரும் நிம்மதியானார்கள். காதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். காது காதுதான், நெஞ்சு நெஞ்சுதான், இரண்டையும் யார் சேர்த்துப் பார்க்கப்போகிறார்கள். சேர்த்துப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிறவன் அவன் ஒருவன்தான் அந்தக் குடும்பத்தில், அவனும் பார்க்கவில்லை.

பதினைந்து நிமிடம். சென்னையில் அவன் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து வருஷமாக ஒரே டேட்டாவோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். தெற்கே மூன்று தாலுகாக்களில் நாலாயிரத்து எழுநூறு பேர், ஒவ்வொருவரிடமும் சின்னக் குழாயில் ரத்தம், அந்த ரத்தத்திலிருந்து படித்தெடுத்த பல லட்சம் மரபணு எழுத்துகள், கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, உயரம், இடுப்பளவு, ஈசிஜி, பல பேருக்குக் காது கேட்கும் அளவும். எந்த எழுத்து மாறினால் எந்தக் குணம் மாறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். புள்ளியியல்காரன் வேலை அவ்வளவுதான், ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. பல லட்சம் எழுத்துகளைக் கூப்பிட்டு நீயா, நீயா என்று விசாரித்தால், ஒன்றுமறியாத ஆயிரம் எழுத்துகள் தற்செயலாகத் தலையாட்டிவிடும். அதனால் சாட்சி மிகமிகப் பலமாக இருந்தால்தான் நம்புவது என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள், அந்தக் கோட்டுக்குக் கீழேயே மூச்சுமுட்டி நின்றுபோகும் உண்மைகள் எத்தனையோ. அவன் செய்ததெல்லாம் குணங்களைத் தனித்தனியாக விசாரிக்காமல் ஒன்றாக நிறுத்தி விசாரித்தது. ராத்திரி தெருவில் காலடிச் சத்தம் கேட்டது என்று ஒரு வீட்டுக்காரர் சந்தேகமாகச் சொன்னால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் சொன்னால், அவர்கள் ஒட்டுச்சுவர் வீட்டுக்காரர்களா என்று பார்க்க வேண்டும், அப்படியென்றால் ஒரே சத்தத்தைத்தான் இருவரும் கேட்டிருப்பார்கள், அதை ஒரே சாட்சியாகத்தான் கொள்ளலாம். தெருவின் இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவரும் ஒரே நாளில் அரைகுறையாகச் சொன்னால் எழுந்து போய்ப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரையும் இடுப்பளவும் ஒட்டுச்சுவர் வீடுகள். காது கேட்கும் திறன் ஒரு கோடி. ஒரு துடிப்பு துடித்த இருதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் மறு கோடி. காதைத் தனியாகக் கேட்டபோது அந்த எழுத்து வாய்க்குள் முணுமுணுத்தது, இருதயத்தைக் கேட்டபோதும் முணுமுணுத்தது, இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது கோட்டைத் தாண்டி எழுந்து நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அது இருக்கும் மரபணு எது என்று பார்த்தான், பார்த்துவிட்டு அலமாரியில் இருந்த மருத்துவப் புத்தகத்தை எடுத்தான், அரைப் பக்கம் இருந்தது. காதின் உள்ளறையிலும் இருதயச் சதையிலும் உப்பு போய்வருகிற ஒரே மாதிரியான வாசலைச் செய்யும் மரபணு. தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் பழுதாக வந்தால் பிள்ளைகள் காது கேளாமல் பிறப்பார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் கூடுதல். மயங்கி விழுவார்கள், ஓடும்போது, திடுக்கிடும்போது. அடுத்த வரி ஒரு வரிதான், நீந்தும்போது திடீர் மரணம். டப்பாவை மூடி வைத்தான். அன்றைக்கு அதை மறுபடி திறக்கவில்லை.

அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் கிணற்றடி வந்துவிடுகிறது. நினைக்காமல் இருக்கப் பார்த்தான், எதிரே சுவரில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் என்ற அறிவிப்பு இருந்தது, தண்ணீர் என்ற சொல் போதும். ஊருக்கு வெளியே பம்புசெட் கிணறு, சித்திரை வெயில், அண்ணனுக்குப் பதினேழு வயது, அவனுக்குப் பதினொன்று. மோட்டார் ஓடுகிறதா என்று அண்ணன் கிணற்றுச் சுவரில் உள்ளங்கையை வைத்துத்தான் பார்ப்பான், கை சொன்னால் சரி. கோவில்பட்டியில் அவனைப் போல் டைவ் அடிக்க ஆள் கிடையாது. மூன்று தடவை குதித்து ஏறி வந்து, போதும் போகலாம் என்று சட்டையைக் கையில் எடுத்துவிட்டான். கோமதிநாயகம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். இன்னும் ஒண்ணு. அண்ணன் சிரித்தான், சட்டையைத் தம்பி தலைமேல் போட்டான், சுவரில் ஏறினான். தலையிலிருந்த சட்டையை இழுத்து எடுப்பதற்குள் தண்ணீர் சத்தம் கேட்டுவிட்டது, அதனால் கடைசியாகக் குதித்ததைக் கூட அவன் பார்க்கவில்லை, வட்டங்களைத்தான் பார்த்தான், வட்டங்கள் சுவரில் முட்டி அடங்கும்வரை விளையாடுகிறான் என்றே நினைத்தான். நீச்சல் தெரிந்தவனுக்குத் தண்ணியிலதான் சாவு என்று ஊர் சொன்னது. யாருலே இன்னொரு தடவை குதிக்கச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று சில வருஷம் நம்பினான், சொல்லியிருக்க மாட்டான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டான். முப்பத்து நாலு வருஷம். கல்லூரியில் படித்தபோது யாராவது விரலைத் தூக்கிச் சந்தேகம் கேட்டால் பார்வை தானாக விலகும். அந்த விரல்தான் கொன்றது என்று இருந்தவனுக்கு அரைப் பக்கம் புத்தகம் வேறொன்று சொல்கிறது, அதனாலேயே அதை நம்பப் பயமாக இருந்தது. வேண்டும் என்று தேடினால் எதுவும் கிடைக்கும், அவன் தொழிலின் முதல் பாடம் அது. டேட்டா அட்டவணையில் அந்தக் காதுப் பத்தியை நீக்கிவிடு, மூன்றில் ஒரு பங்கு காலியாகக் கிடக்கிறது என்று திட்டத் தலைவர் சொன்னபோது இருக்கட்டும் சார் என்றானே, ஏன் என்றான்? அண்ணனுக்காகவா? தன்னைத் தானே விடுதலை செய்துகொள்ளத்தான் இத்தனை கணக்குமா? அந்த இடத்தில் மனம் முள்ளில் மாட்டிய துணி போல நின்றுவிடும், இழுத்தால் கிழியும். அதனால் காதுப் பத்தியை மட்டும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துக் கலைத்துப் பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்த்தான், ஒரு தடவை கூட அந்த எழுத்து எழுந்து நிற்கவில்லை, கலைக்காமல் வைத்தால் நின்றது. வேறு மாவட்டத்தில் வேறு ஆட்கள் எடுத்த டேட்டாவைக் கேட்டு வாங்கினான், ஆவுடையப்பன் என்று ஒருவன் பிறந்ததே தெரியாதவர்கள் எடுத்தது, அதிலும் அதே இடத்தில் நின்றது. நிலையத்து மருத்துவர்கள் பழைய பட்டியலைப் பிரித்து, இருதயம் தயாராகும் அந்த நேரம் நீண்டிருந்த பதினொரு பேரைத் தேடிப் போய் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெயர் தெரியாது அவனுக்கு, தெரியவும் கூடாது. பதினொரு பேர் எங்கேயோ இந்நேரம் காலை ஆகாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

உண்மையில் கும்பிடு போட வேண்டியது பாக்கியசீலி என்ற ஒரு நர்சம்மாவுக்கு. திட்டத்தில் காதுப் பரிசோதனை கிடையாது. அந்தப் பத்தி எப்படி வந்தது என்று தேடியபோது, சாத்தூர்ப் பக்கம் டேட்டா எடுக்கப் போன நர்ஸ் ஒருத்தர், வேறு எதற்கோ வாங்கி மூலையில் போட்டிருந்த காது மெஷினை எடுத்து, வந்தவர்களையெல்லாம் ஜன்னல் சாத்திய அறையில் உட்கார வைத்துப் பரிசோதித்திருக்கிறார் என்று தெரிந்தது. ஓரத்தில் குறிப்புகள் வேறு. பஸ் போனது, மறுபடி எடுத்தேன். மில்லில் இருபத்தொரு வருஷம். மில்லில் ஆறு வருஷம். அந்த மில் வருஷங்களை எழுதி வைக்காமல் போயிருந்தால் தறிச் சத்தத்தில் போன காதையும் பிறவியில் போன காதையும் பிரித்திருக்கவே முடியாது, அந்த எழுத்தின் முணுமுணுப்பு இரைச்சலில் மூழ்கியிருக்கும். போன வாரம் நம்பர் வாங்கிப் பேசினான். ரிட்டயராகி மகன் வீட்டில் இருக்கிறாராம். குறை சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டார். "எங்க அப்பா மில்லுல இருந்தாங்க சார். சாகுறப்ப நான் சொன்னது ஒண்ணும் அவங்களுக்குக் கேக்கல. மெஷின் சும்மா கெடந்துச்சு, அதான் எல்லாருக்கும் பாத்துட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்கோங்க," என்றார். தப்பில்லம்மா, தப்பே இல்லம்மா என்று இரண்டு தடவை சொன்னான், முறையாக நன்றி சொல்ல இன்னொரு நாள் நேரில் போக வேண்டும், போகும்போது வெண்மதியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தான், நினைத்ததும் பயம் திரும்பி வந்தது, இருபத்திரண்டு நிமிடம், கதவு திறந்தது.

டாக்டர் சபீனாவுக்கு அவன் வயதுதான் இருக்கும். இரண்டு நீளத் தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். வெண்மதி நாற்காலி நுனியில் உட்கார்ந்து டாக்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்க வைத்து ஒன்று எடுத்தோம், சட்டென்று எழுந்து நிற்கச் சொல்லி ஒன்று எடுத்தோம், அதனால்தான் நேரமாகிவிட்டது என்றார். இரண்டாவது தாளில் பேனா முனையால் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்று வரை தொட்டுக் காட்டினார். நீளம். அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாலாயிரத்து எழுநூறு பேருடைய அந்த நீளத்தை எண்ணாகப் பார்த்தவன், கோடாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அக்கா கேட்டாள், பிழைச்சுக்குவாளா என்று, அத்தனை மெதுவாக. பிழைப்பதென்ன, நன்றாகவே இருப்பாள் என்றார் டாக்டர். தினமும் மாத்திரை, ஒரு நாள் கூட விடக் கூடாது. ஓட்டப்பந்தயம் வேண்டாம், நீச்சல் வேண்டவே வேண்டாம், தலையணைக்கடியில் அதிரும் அலாரம் வேண்டாம், சில மருந்துகள் ஆகாது, அந்தப் பட்டியலைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும். ரத்தம் சென்னைக்குப் போகும், உறுதி செய்ய. குடும்பத்தில் எல்லாரும் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களும்தான் சார். வெண்மதி ஸ்கூல் டூர் போகலாமா என்று கேட்டாள். போகலாம், மாத்திரையோடு போகலாம். அவள் முகம் மலர்ந்தது, அவளுக்கு அதுதான் கவலையாக இருந்திருக்கிறது. எப்படி இதைக் கண்டுபிடித்து வந்தீர்கள், பெரும்பாலும் இவர்கள் எங்களிடம் வந்து சேர்வதே இல்லை என்று டாக்டர் கேட்டபோது, அவன் பதில் தேடுவதற்குள் அக்கா பேசினாள். எங்க அண்ணன் ஒருத்தன் இருந்தான், காது கேக்காது, பதினேழு வயசுல கிணத்துல போயிட்டான் என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அன்னைக்கு அவன் குதிக்காம இருந்திருந்தா, என்று ஆரம்பித்தது கோமதிநாயகம்தான், குரல் அவனுடையதாகவே இல்லை. இன்னொரு நாள் நடந்திருக்கும் சார், என்றார் டாக்டர். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, யாராவது பின்னாலிருந்து தொட்டுத் திடுக்கிடும்போது. மாத்திரை இல்லாத பிள்ளைக்கு எந்த நாளும் அந்த நாள்தான். அது யார் செய்ததும் இல்லை.

வெண்மதி ரத்தம் கொடுக்கப் போனாள். வராந்தாவில் அதே நாற்காலிகளுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அக்கா கொலுசைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது, கீழே தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், நான்தான் அக்கா, அவன் வீட்டுக்குக் கிளம்பிட்டான், நான்தான் இன்னும் ஒண்ணு குதிக்கச் சொன்னேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே அவன் பிடரியில் கையை வைத்தாள், சின்ன வயதில் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது அழுத்துவாளே, அதே அழுத்தம்.

"நீ ஒருத்தன்தான்னு நினைச்சியா தம்பி? அம்மா அன்னைக்கு இன்னும் ரெண்டு கரண்டி சோறு அள்ளி வச்சிருக்கா அவனுக்கு. வயிறு முட்டச் சாப்பிட்டதாலதான் மூச்சு அடைச்சிடுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் நினைச்சிக்கிட்டுக் கெடக்கா. யாருக்கும் ஒரு வாய் கூடுதலாப் போட மாட்டா, பாத்திருக்கல்ல? ஃபோனப் போடு. முதல்ல அவகிட்டச் சொல்லு."

அம்மா கஞ்சத்தனமாகப் பரிமாறுகிறாள் என்றுதான் அவன் மனைவியும் சொல்வாள், அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான், ஒரே வீட்டில் ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமலே இத்தனை காலம் நடந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. ஃபோனைப் போட்டான். அம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், நல்லா இருப்பா என்று முதலில் சொன்னான். பிறகு மெல்ல மெல்ல, காதையும் நெஞ்சையும் சேர்த்துப் பிடித்திருக்கிற ஒன்றைப் பற்றி, அது பிறக்கும்போதே அண்ணனிடம் இருந்ததைப் பற்றி, அவனுக்குத் தெரிந்த மிக எளிய சொற்களில் சொன்னான். பேசி முடித்ததும் மறுமுனையில் மிக்ஸி ஓடும் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸியாக இருக்கும், அதற்கு மேலாக அம்மாவின் குரல் வந்தது.

"அப்போ சோத்துனால இல்லையாய்யா?"

"இல்லம்மா. சோத்துனால இல்ல. யாராலயும் இல்ல."

அவள் அழுகிறாளா என்று காதை ஒட்டி வைத்துக் கேட்டான். அழவில்லை, மூச்சு மட்டும் வந்தது, நீளமாக ஒன்று, அதைவிட நீளமாக இன்னொன்று. வராந்தாவின் அந்தக் கோடியில் வெண்மதி முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு மாமா என்று கூப்பிட்டபடி வந்துகொண்டிருந்தாள்.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றாள் அம்மா.

"பின்னாடிம்மா."

"அப்போ நேரே இங்க கூட்டிட்டு வந்திருங்க. உலை வைக்கேன். பிள்ள நல்லா வயிறாரச் சாப்பிடட்டும்."